கோட்டுருவியல் (கிராஃப் தியரி) அறிமுக வகுப்பு: எங்கே தொடங்குவது, எந்த எடுத்துக்காட்டுகளை எடுப்பது?

புதுப்பலகை (வினா)

வணக்கம். பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு மாணவர்களுக்குக் கோட்டுருவியலில் ஆறு வகுப்புகள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். நிரல் எழுதிப் பழகியவர்கள் மிகச் சிலர்.

பாடப்புத்தகம் முனை, விளிம்பு, படி, நடை, பாதை, சுற்று என்று வரையறைகளை அடுக்கிக்கொண்டே போகிறது. முதல் கணக்கு வருவதற்குள் மாணவர்கள் சோர்ந்துவிடுவார்கள். பயன்பாடு என்ற தலைப்பிலோ 'கணினி வலையமைப்பு, போக்குவரத்து, சமூக ஊடகம் ஆகியவற்றில் பயன்படுகிறது' என்று ஒரு வரி இருக்கிறது. எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு மாணவர் கேட்டால் அந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

எந்த வரிசையில் போகலாம்? தாளும் பேனாவும் வைத்து வகுப்பிலேயே செய்து முடிக்கக்கூடிய, ஆனால் உண்மையான பயன்பாடுகள் எவை? மாணவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்? நிரல் பக்கத்தைவிடக் கணிதப் பக்கம்தான் எனக்கு முக்கியம்.

---

ஒற்றைப்படி

கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களிலிருந்தே தொடங்குங்கள். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள் என்பதற்காக அதைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதல் ஐம்பது நிமிடமும் அதற்கே தகும்.

பிரெகெல் ஆறு, நடுவே ஒரு தீவு, வடகரை, தென்கரை, கிழக்கே ஆறு பிரியும் இடத்திலுள்ள நிலம். தீவுக்கும் வடகரைக்கும் 2 பாலங்கள், தீவுக்கும் தென்கரைக்கும் 2, தீவுக்கும் கிழக்கு நிலத்துக்கும் 1, கிழக்கு நிலத்திலிருந்து வடகரைக்கு 1, தென்கரைக்கு 1. ஆக ஏழு. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து எல்லாவற்றையும் முடிக்க முடியுமா? பலகையில் வெறும் வரைபடத்தை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் முயலச் சொல்லுங்கள். 'முடியவில்லை' என்று சொல்வார்கள். 'முடியாது' என்று சொல்ல என்ன வேண்டும் என்று அப்போது கேளுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் கணிதம் இருக்கிறது.

பிறகு நிலங்களைப் புள்ளியாகவும் (முனை) பாலங்களைக் கோடாகவும் (விளிம்பு) மாற்றுங்கள். படிகள், அதாவது ஒவ்வொரு முனையிலும் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை, 5, 3, 3, 3. நடுவழியில் ஒரு நிலத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பாலத்தில் நுழைந்து இன்னொரு பாலத்தில் வெளியேறுகிறோம். பாலங்கள் இரண்டிரண்டாகச் செலவாகின்றன. ஆகவே ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்கள் உள்ள நிலம் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருக்க முடியும். அப்படிப்பட்டவை இரண்டுக்கு மேல் இருந்தால் பயணம் நடக்காது. இங்கே நான்கும் ஒற்றை. முடிந்தது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய இரண்டு செய்திகள். கணிதர் ஆய்லர் 1735-இல் இதை பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் முன்வைத்தபோது நாம் இன்று போடும் புள்ளி-கோட்டுப் படத்தை வரையவில்லை. நிலங்களுக்கு எழுத்துகளைக் கொடுத்து, எழுத்துச் சரங்களாகவே வாதிட்டார். அடுத்தது, மறுதலை: எல்லாப் படிகளும் இரட்டை, கோட்டுருவும் இணைந்தது என்றால், எல்லா விளிம்புகளையும் ஒரே ஒரு முறை கடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்று (ஆய்லர் சுற்று) நிச்சயம் உண்டு. இதன் முழு நிரூபணம் ஹீர்ஹோல்சர் பெயரில் 1873-இல்தான் வந்தது. 'தேவையான நிபந்தனை', 'போதுமான நிபந்தனை' என்ற வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஹீர்ஹோல்சர் வழியைக் கையால் செய்யச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு முனையில் தொடங்கி, பயன்படுத்தாத விளிம்பில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எல்லாப் படியும் இரட்டை என்பதால் தொடங்கிய முனையைத் தவிர வேறெங்கும் சிக்கிக்கொள்ள முடியாது. சிக்கியபின் மிச்சமிருக்கும் விளிம்புகளைப் பாருங்கள். ஏற்கெனவே போன பாதையில், மிச்ச விளிம்பு தொட்டுக்கொண்டிருக்கும் முனை ஒன்றைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு சுற்று போட்டு, அதை முதல் சுற்றுக்குள் செருகுங்கள். விளிம்பு தீரும் வரை இதே வேலைதான். மாணவர்கள் பெரும்பாலும் செருகும் இடத்தில் தவறுவார்கள்: இரண்டாவது சுற்றைக் கடைசியில் ஒட்டிவிடுவார்கள். முனைகளின் வரிசையை எழுதி, அந்த முனையின் பெயர் வரும் இடத்திலேயே பிரித்து எழுதச் சொன்னால் சரியாகிவிடும்.

இப்போது உண்மையான பயன்பாடு. சென்னை மெட்ரோவின் நீலத் தடம், பச்சைத் தடம் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் (இரண்டாம் கட்டத் தடங்கள் வேண்டாம்). நிலையங்கள் முனைகள், அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடைப்பட்ட தண்டவாளம் விளிம்பு. விம்கோ நகர்ப் பக்கக் கடைசி நிலையம், விமான நிலையம், பரங்கிமலை மூன்றுக்கும் படி 1. ஆலந்தூருக்கு 4. சென்ட்ரலுக்கு 3, ஏனென்றால் நீலத் தடம் கடந்து போகிறது, பச்சைத் தடம் அங்கே தொடங்குகிறது. மற்ற நிலையங்கள் எல்லாம் 2. ஒற்றை முனைகள் நான்கு. ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு முறை மட்டும் பயணம் செய்து முழு மெட்ரோவையும் முடிக்க முடியாது.

அப்படியானால் குறைந்தபட்சம் எத்தனை பகுதிகளை மறுபடி கடக்க வேண்டும்? ஒற்றை முனைகளில் இரண்டை ஜோடி சேர்த்து, அவற்றுக்கு இடைப்பட்ட பாதையை இரட்டிப்பாக்கினால் மற்ற இரண்டும் தொடக்கமும் முடிவுமாக இருக்கும். மிக நெருங்கிய ஜோடி பரங்கிமலையும் விமான நிலையமும்: பரங்கிமலை–ஆலந்தூர் 1, ஆலந்தூர்–நங்கநல்லூர் சாலை–மீனம்பாக்கம்–விமான நிலையம் 3. மொத்தம் 4 பகுதிகள். விம்கோ நகரில் ஏறி, சென்ட்ரல் வழியாக நீலத் தடத்தில் ஆலந்தூர், விமான நிலையம், திரும்ப ஆலந்தூர், பரங்கிமலை, திரும்ப ஆலந்தூர், பச்சைத் தடத்தில் கோயம்பேடு வழியாக சென்ட்ரல். நான்குக்குக் குறைவாக முடியவே முடியாது என்று மாணவர்கள் நிரூபிக்கலாம்.

இதுதான் அஞ்சல்காரர் கணக்கு. சீனக் கணிதர் குவான் 1960-இல் எழுப்பியது. தெருத் தெருவாகப் போகும் குப்பை வண்டி, மீட்டர் கணக்கெடுப்பு எல்லாம் இதே வகை. தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால் எல்லா ஒற்றை முனைகளையும் ஜோடி சேர்க்க வேண்டும்: 4 முனைகளுக்கு 3 வழிகள், 6-க்கு 15, 8-க்கு 105, 10-க்கு 945. கையால் செய்ய ஆறு ஒற்றை முனைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

---

குறுவழி

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு டைக்ஸ்ட்ராவின் குறும்பாதை முறையைப் பரிந்துரைப்பேன். நிரல் தேவையில்லை, ஒரு அட்டவணை போதும். 1956-இல் டைக்ஸ்ட்ரா இதை யோசித்ததே, ஆர்மாக் என்ற கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட நெதர்லாந்தின் 64 நகரங்களுக்கு இடையே வழி காணும் கணக்கு ஒன்றுக்காகத்தான். 1959-இல் வெளியிட்டார்.

ஆறு முனைகள்: க, ச, ட, த, ப, ம. விளிம்புகளின் எடை நிமிடங்களில்: க–ச 7, க–ட 3, ட–ச 2, ட–த 8, ச–த 2, ச–ப 6, த–ப 3, த–ம 9, ப–ம 4. க-விலிருந்து ம-வுக்குக் குறைந்த நேரம் எவ்வளவு?

ஒவ்வொரு முனைக்கும் இரண்டு குறிப்புகள் எழுத வேண்டும்: இதுவரை தெரிந்த குறைந்த நேரம், எந்த முனையிலிருந்து வந்தோம். இரண்டாவதை எழுத மறப்பதுதான் வகுப்பில் பரவலான தவறு. விடை எண் வந்துவிடும், பாதையைச் சொல்லத் தெரியாது.

க = 0 என்று உறுதி செய்கிறோம். ச = 7 (க), ட = 3 (க).
மிகக் குறைந்தது ட. அதை 3-இல் உறுதி செய்கிறோம். ட வழியாக ச 5 ஆகிறது. பழைய 7-ஐ அடித்துவிட்டு 5 (ட). த = 11 (ட).
அடுத்தது ச, 5. த இப்போது 7 (ச). ப = 11 (ச).
அடுத்தது த, 7. ப = 10 (த). ம = 16 (த).
அடுத்தது ப, 10. ம = 14 (ப).
கடைசியாக ம, 14.

ம-விலிருந்து பின்னோக்கிப் படித்தால் ம, ப, த, ச, ட, க. ஆகவே க–ட–ச–த–ப–ம, 3+2+2+3+4 = 14 நிமிடம்.

இந்த எண்களில் ஒரு நோக்கம் இருக்கிறது. விளிம்பு எண்ணிக்கை மிகக் குறைந்த பாதைகளில் மூன்றே விளிம்புகள். அவற்றில் நல்லது க–ச–ப–ம, அதற்கு 17 நிமிடம். ஐந்து விளிம்புள்ள பாதைதான் வேகமானது. 'குறைவான நிறுத்தம்', 'குறைவான நேரம்' இரண்டும் வேறு கேள்விகள் என்பதை மாணவர்கள் எண்களிலேயே பார்த்துவிடுவார்கள்.

'உறுதி செய்தபின் மாறாது' என்று ஏன் சொல்லலாம்? இதை விடாமல் கேளுங்கள். உறுதி செய்யாத முனைகளில் மிகக் குறைந்தது ட, 3 என்றால், ட-வுக்கு வேறெந்த வழியில் வந்தாலும் உறுதி செய்யாத இன்னொரு முனையைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே வந்து சேரவே 3 அல்லது அதற்கு மேல் ஆகிவிட்டது. அதன்பின் கூடுமே தவிரக் குறையாது. இந்தக் கடைசிச் சொற்றொடர் எடைகள் குறை எண்களாக இல்லாதபோது மட்டுமே உண்மை.

குறை எண் வந்தால் என்னாகும் என்பதை மூன்று முனைகளில் காட்டலாம். திசையுள்ள விளிம்புகள்: க→ச 2, க→ட 3, ட→ச −2. முறைப்படி ச-வை 2-இல் உறுதி செய்துவிடுவோம். உண்மையில் க→ட→ச 1 தான். உடனே யாராவது ஒருவர், 'எல்லா எடைகளோடும் 2 கூட்டிவிட்டால் குறை எண் போய்விடுமே' என்பார். நல்ல கேள்வி. கூட்டினால் க→ச 4, க→ட 5, ட→ச 0. இப்போது நேர்வழி 4, சுற்றுவழி 5, விடை தவறு. இரண்டு விளிம்புள்ள பாதைக்கு 4 கூடியது, ஒரு விளிம்புள்ளதற்கு 2 மட்டுமே கூடியது. பாதைகளின் வரிசையே மாறிவிட்டது. குறை எடைகளுக்கு பெல்மன்–ஃபோர்டு முறை வேண்டும்: எல்லா விளிம்புகளையும் (முனைகளின் எண்ணிக்கை − 1) தடவை சுற்றிச் சரிபார்க்கும். இன்னொரு தடவை சுற்றியும் ஏதாவது குறைந்தால், கூட்டுத்தொகை குறை எண்ணாக வரும் சுற்று இருக்கிறது, குறும்பாதை என்ற ஒன்றே இல்லை என்று பொருள்.

பயன்பாட்டில் உண்மையாகவே வரும் சிக்கல் ஒன்றையும் காட்டுங்கள். ஆலந்தூரில் தடம் மாறினால் நடக்கவும் காத்திருக்கவும் நேரம் ஆகும். மாறாமல் போனால் ஆகாது. ஆலந்தூரை ஒரே முனையாக வைத்தால் இந்த வேறுபாட்டை எந்த விளிம்பிலும் எழுத இடமில்லை. 'ஆலந்தூர்-நீலம்', 'ஆலந்தூர்-பச்சை' என்று இரண்டு முனைகளாக்கி, நடுவே 5 நிமிட விளிம்பு போடுங்கள். முறை அப்படியே இருக்கும். கோட்டுரு மட்டும் மாறும். சாலையில் 'வலப்பக்கம் திரும்பக் கூடாது' என்ற தடையும் இப்படித்தான். அங்கே சந்திப்புகளுக்குப் பதில் சாலைத் துண்டுகளை முனைகளாக்கி, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்ப அனுமதி இருந்தால் விளிம்பு போட வேண்டும். முனை எது, விளிம்பு எது என்று முடிவு செய்வதில்தான் பாதி வேலை. தேர்வில் இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

---

நெளிகோடு

ஆய்லர் சுற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சிக்குக் கோலத்தைக் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. காட்டலாம், ஆனால் கவனமாக.

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றிப் போகிறது, புள்ளிமேல் போவதில்லை. ஆகவே புள்ளிகள் முனைகள் அல்ல. கோடு தன்னைத்தானே வெட்டும் இடங்கள்தான் முனைகள். ஒவ்வொரு வெட்டுமிடத்திலும் நான்கு கைகள், படி 4. எல்லாமே இரட்டை என்பதால் கோலம் இணைந்திருந்தால் ஆய்லர் சுற்று எப்போதும் உண்டு. அப்படியென்றால் எல்லாச் சிக்குக் கோலத்தையும் கை எடுக்காமல் ஒரே கோட்டில் போட்டுவிடலாமா? இல்லை. கோலம் போடுபவர் வெட்டுமிடத்தில் நேராகக் கடந்து போகிறார், திரும்புவதில்லை. ஆய்லர் சுற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒன்றையொன்று இரண்டு இடங்களில் வெட்டும் இரு வளையங்களை வரையுங்கள்: 2 முனைகள், 4 விளிம்புகள், ஆய்லர் சுற்று இருக்கிறது. ஆனால் நேராகவே போனால் ஒரு வளையம் மட்டுமே முடியும்.

வகுப்பில் செய்ய நல்ல கணக்கு: செவ்வகப் புள்ளி வரிசை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு வெட்டிக்கொள்ளும் எளிய பின்னல். வரிசைகள் p, ஒவ்வொன்றிலும் புள்ளிகள் q என்றால் மூடிய கோடுகளின் எண்ணிக்கை p, q இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி. 2×3-க்கு ஒரே கோடு. 3×3-க்கு மூன்று கோடுகள். அங்கே 12 வெட்டுமிடங்கள், 24 விளிம்புகள், ஆய்லர் சுற்றும் உண்டு, ஆனால் ஒரே கோட்டில் வராது. மாணவர்கள் 2×2, 2×3, 3×3, 3×4 நான்கையும் போட்டு எண்ணட்டும். சூத்திரத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கோலங்களைக் கணினி அறிவியலின் மொழியில் ஆராய்ந்த முன்னோடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும். 1970-களிலேயே கோலத்துக்கு இலக்கண விதிகள் அமைத்தார்கள். இதைத் தமிழ்வழி மாணவர்களிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

---

புதுப்பலகை

மூவருக்கும் நன்றி. மெட்ரோ கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மீப்பெரு பொது வகுத்தி எனக்கே புதிது. 3×4 போட்டுப் பார்த்தேன், ஒரே கோடுதான் வருகிறது.

இன்னும் இரண்டு. மிகச்சிறு அளாவு மரத்தை (சுற்று இல்லாமல், மிகக் குறைந்த மொத்த எடையில் எல்லா முனைகளையும் இணைப்பது) குறும்பாதையோடு குழப்பிக்கொள்கிறார்கள், எப்படிப் பிரித்துக் காட்டுவது? முனைகளுக்கு நிறமிடுவதற்குத் தேர்வு அட்டவணையைப் பயன்பாடாகச் சொல்கிறார்கள். அதை ஒரு வகுப்பில் முடிக்கும் அளவுக்கு எப்படிச் சுருக்குவது?

---

கிளைமரம்

முதல் கேள்விக்கு. குறுவழி கொடுத்த ஆறு முனை எடுத்துக்காட்டை இதற்கு எடுக்காதீர்கள். அதில் குறும்பாதைகள் சேர்ந்து உருவாகும் மரமும் மிகச்சிறு அளாவு மரமும் தற்செயலாக ஒன்றே: இரண்டும் க–ட, ட–ச, ச–த, த–ப, ப–ம. கூட்டுத்தொகையும் 14. குழப்பம் இன்னும் வலுவாகிவிடும்.

இதற்கு ஒரு முக்கோணம் போதும். க–ச 2, ச–ட 2, க–ட 3. எல்லாரையும் இணைக்க மிகக் குறைந்த செலவு 4. க–ட விளிம்பு வேண்டாம். ஆனால் அந்த மரத்தில் க-விலிருந்து ட-வுக்குப் போக 4 ஆகிறது, நேர்வழியில் 3 தான். ஒன்று மொத்தக் கம்பியின் நீளத்தைக் குறைக்கிறது; மற்றது ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஆகும் தூரத்தைக் குறைக்கிறது. யாருடைய செலவைக் குறைக்கிறோம் என்று கேட்டாலே பிரிந்துவிடும்.

இதன் வரலாறே பயன்பாட்டிலிருந்து வந்தது. 1926-இல் ஓட்டகர் பொரூவ்கா, மொராவியாவில் மின்சாரம் கொண்டுபோகக் குறைந்த நீளத்தில் கம்பி இழுப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்து தன் முறையை உருவாக்கினார். கையால் செய்ய குருஸ்கல் முறை (1956) எளிது: விளிம்புகளை எடைவரிசையில் எழுதி, சுற்று உண்டாக்காதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டே வாருங்கள், n முனைகளுக்கு n−1 விளிம்புகள் கிடைத்ததும் நிறுத்துங்கள். சறுக்கும் இடம்: கண்ணால் பார்த்துச் சுற்று இருக்கிறதா என்று சொல்வது. பத்து முனைகளுக்கு மேல் கண் ஏமாற்றும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு குழு எண் எழுதி வைத்து, விளிம்பின் இரு முனைகளும் ஒரே குழுவில் இருந்தால் ஒதுக்கி, வேறு குழுவாக இருந்தால் இரு குழுக்களையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

இந்த மாதிரி எங்கே போதாமல் போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மரத்தில் எந்த ஒரு விளிம்பு அறுந்தாலும் வலையமைப்பு இரண்டாகிவிடும். மெட்ரோவில் சென்ட்ரலுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே இரண்டு தடங்கள் சேர்ந்து ஒரு சுற்றாகின்றன. அதில் ஏதாவது ஒரு பகுதி நின்றாலும் மறுபக்கமாக வரலாம். ஆலந்தூர்–விமான நிலையப் பகுதியில் அந்த வசதி இல்லை, மூன்று விளிம்புகளும் வெட்டு விளிம்புகள். செலவு மட்டும் பார்த்து வலையமைப்பை யாரும் கட்டுவதில்லை.

---

நிறப்பிரிகை

தேர்வு அட்டவணைக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியை எடுங்கள், மாணவர்களுக்குப் பழக்கமானது. பாடங்கள் முனைகள். ஒரே மாணவர் எழுத வேண்டிய இரு பாடங்களுக்கு இடையே விளிம்பு. நிறம் என்பது தேர்வு வேளை. விளிம்பால் இணைந்த இரண்டுக்கும் ஒரே நிறம் கூடாது.

மூன்று பிரிவுகள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாருக்கும் தமிழும் ஆங்கிலமும். முதல் பிரிவு: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். இரண்டாவது: கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். மூன்றாவது: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள். மொத்தம் 11 பாடங்கள். ஒவ்வொருவரும் 6 தேர்வுகள் எழுதுவதால் 6 வேளைக்குக் குறையாது. ஆறிலேயே முடியும்: தமிழ், ஆங்கிலம், கணிதம் + வணிகவியல், இயற்பியல் + கணக்குப்பதிவியல், வேதியியல் + பொருளியல், உயிரியல் + கணினி அறிவியல் + கணினிப் பயன்பாடுகள். கீழ் எல்லையும் மேல் எல்லையும் பொருந்திவிட்டதால் இதுதான் சிறந்த விடை என்ற நிரூபணமும் கையிலேயே இருக்கிறது.

இப்போது நான்காவதாக ஒரு பிரிவைச் சேருங்கள்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல். எந்த மாணவரும் இப்போதும் 6 தேர்வுதான் எழுதுகிறார். எத்தனை வேளை வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் 6 என்பார்கள். விடை 7. புதிதாக வந்தது உயிரியல்–கணினி அறிவியல் என்ற ஒரே ஒரு விளிம்பு. ஆனால் அதோடு கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் ஐந்தும் ஒன்றோடொன்று முழுக்க இணைந்துவிட்டன. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தால் ஏழு பாடங்கள், எந்த இரண்டும் ஒரே வேளையில் வர முடியாது. ஏழையும் சேர்த்து எழுதும் மாணவர் ஒருவர்கூட இல்லை என்றாலும் ஏழு வேளைகள் தேவை. மாணவர் பட்டியலை மட்டும் வைத்திருந்தால் இது கண்ணில் படாது, கோட்டுருவாக வரைந்தால் உடனே தெரியும். கோட்டுரு எதற்கு என்ற கேள்விக்கு வகுப்பில் கொடுக்க என்னிடம் இதைவிட நேரடியான பதில் இல்லை.

பேராசை முறையை (வரிசையாக எடுத்து, கிடைக்கும் முதல் நிறத்தைக் கொடுப்பது) சொல்லிக்கொடுத்தால் வரிசையைப் பொறுத்து விடை மாறும் என்பதையும் காட்டுங்கள். அறுகோணம்: முனைகளைச் சுற்றுவரிசையில் 1 முதல் 6 வரை எண்ணுங்கள். 1, 4, 3, 6, 5, 2 என்ற வரிசையில் நிறமிட்டால் 1-க்கும் 4-க்கும் முதல் நிறம். 3, 6 இரண்டுக்கும் இரண்டாவது. 5-இன் பக்கத்தில் 4-இல் முதல் நிறமும் 6-இல் இரண்டாவதும் இருப்பதால் மூன்றாவது நிறம் கேட்கும். 2-க்கும் அதே கதி. இரண்டே நிறத்தில் முடியும் கோட்டுரு இது. எப்படி வரிசைப்படுத்தினாலும் மிகப்பெரிய படி + 1 நிறங்களைத் தாண்டாது என்பது மட்டும் உறுதி.

'ஒன்றோடொன்று இணைந்த பெரிய கூட்டத்தின் அளவே தேவையான நிற எண்ணிக்கை' என்ற முடிவுக்கும் தாவுவார்கள். ஐங்கோணத்தில் அந்தக் கூட்டத்தின் அளவு 2, நிறங்கள் 3 வேண்டும்.

---

ஒற்றைப்படி

சறுக்கும் இடங்கள் பற்றி இன்னும் கொஞ்சம், யாரும் தொடாதவை.

படத்தையும் கோட்டுருவையும் ஒன்றென நினைப்பார்கள். நான்கு முனைகளையும் முழுக்க இணைத்து, மூலைவிட்டங்கள் வெட்டும்படி வரைந்தால் 'இது தளக் கோட்டுரு (விளிம்புகள் வெட்டாமல் தாளில் வரையக்கூடியது) அல்ல' என்பார்கள். ஒரு மூலைவிட்டத்தை வெளியே சுற்றிக்கொண்டு போனால் வெட்டு மறைந்துவிடும். ஐந்து முனைகளுக்கு அது நடக்காது: தளக் கோட்டுருவில், மூன்று முனைகளாவது இருந்தால், விளிம்புகள் 3n−6-ஐத் தாண்டக் கூடாது, இங்கே எல்லை 9, இருப்பது 10. ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டால் தளக் கோட்டுரு என்று சொல்லிவிடக் கூடாது. மூன்று வீடுகள், மூன்று இணைப்புகள் (தண்ணீர், மின்சாரம், எரிவாயு) என்ற புகழ்பெற்ற கணக்கில் முனைகள் 6, விளிம்புகள் 9, எல்லை 12. தேறிவிடுகிறது, ஆனாலும் தளத்தில் வராது. அதில் முக்கோணமே இல்லாததால் எல்லை 2n−4, அதாவது 8 ஆகச் சுருங்குகிறது.

படிகளின் பட்டியல் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கோட்டுரு என்பார்கள். ஒரு அறுகோணம், தனித்தனியாக இரண்டு முக்கோணங்கள்: இரண்டிலும் ஆறு முனைகள், எல்லாவற்றுக்கும் படி 2. ஒன்று இணைந்தது, மற்றது இல்லை.

ஆய்லர் சுற்றுக்கு அடுத்து ஹாமில்டன் சுற்றை (ஒவ்வொரு முனையையும் ஒரே ஒரு முறை தொட்டுத் திரும்புவது) சொல்லும்போது, அதற்கும் அதேபோல ஒரு படிச் சோதனை இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இல்லை. டிராக் 1952-இல் தந்த நிபந்தனை (குறைந்தது மூன்று முனைகள், ஒவ்வொரு படியும் n/2-க்குக் குறையாதது) போதுமானது மட்டுமே. அறுகோணமே அதை நிறைவு செய்யாமல் ஹாமில்டன் சுற்றாக நிற்கிறது. எல்லா வழியையும் முயன்று பார்ப்பது எவ்வளவு தூரம் போகும்? ஒன்றோடொன்று இணைந்த 10 ஊர்களுக்கு 1,81,440 சுற்றுகள். 15 ஊர்களுக்கு 4,358 கோடிக்கு மேல்.

நிரல் தெரிந்த சில மாணவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு கொடுத்துவிடுங்கள். 10,000 முனைகளும் 30,000 விளிம்புகளும் உள்ள சாலைக் கோட்டுருவை அணியாகச் சேமித்தால் 10 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 40 கோடி பைட், ஏறத்தாழ எல்லாமே பூச்சியம். ஒவ்வொரு முனைக்கும் அண்டை முனைகளின் பட்டியல் வைத்தால் 60,000 பதிவுகள் போதும். திசையில்லாத விளிம்பை இரண்டு முனைகளின் பட்டியலிலும் எழுத வேண்டும் என்பதால்தான் இரட்டிப்பு. ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு, பாதை இருக்கும் இடத்தில் 'பாதை இல்லை' என்று விடை வந்து திகைப்பார்கள்; முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.